டெர்வென்ட் பள்ளத்தாக்கின் பழைய ஆலைகளும் ஓடைகளும்: தண்ணீரைப் பின்தொடர விரும்புவோருக்கு ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், மேட்லாக் பாத் என்னும் சிற்றூரிலிருந்து டெர்பி நகரம் வரை, டெர்வென்ட் ஆற்றின் கரையோடு ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய நூற்பாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் தடுப்பணைகளும் வாய்க்கால்களும் அமைந்திருக்கின்றன. யுனெஸ்கோ இவற்றை 2001-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தண்ணீரால் இயங்கும் இயந்திரங்களை ஒரே கூரையின் கீழ் நிறுத்தி, மணியடித்து ஆட்களை உள்ளே அழைத்து, முறை மாற்றி இரவும் பகலும் நூல் நூற்கும் ஆலை முறை முழு வடிவம் பெற்றது இந்தப் பள்ளத்தாக்கில்தான்.

ரயிலிலும் நடையாகவும் இந்தப் பகுதியைச் சுற்றிப் பார்க்க விரும்புவோரை மனத்தில் வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஒவ்வோர் இடத்தையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட்டிருக்கிறேன். இங்கே தண்ணீர் எங்கிருந்து வந்தது, என்ன வேலை செய்தது, பிறகு எங்கே போனது என்பதை வருகிறவர் தம் கண்ணால் கண்டு புரிந்துகொள்ள அந்த இடம் எவ்வளவு உதவுகிறது என்பதே அது. ஆலைச் சுவர்கள் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், அவற்றைக் கட்டியவர்கள் முதலில் தேடியது ஓடும் நீரைத்தான். மதகையும் வாய்க்காலையும் விட்டுவிட்டுச் சுவரை மட்டும் பார்த்துத் திரும்புகிறவருக்கு அந்த ஆலை ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பது கடைசிவரை விளங்காது.

போக்குவரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெர்பியிலிருந்து மேட்லாக் வரை செல்லும் கிளை ரயில் பாதை பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே போகிறது. பெல்பர், ஆம்பர்கேட், வாட்ஸ்டாண்ட்வெல், குரோம்ஃபோர்டு, மேட்லாக் பாத், மேட்லாக் ஆகிய நிலையங்களில் எதில் இறங்கினாலும் ஓர் ஆலையோ அணையோ கால்வாயோ நடந்து போகும் தொலைவில் இருக்கும். வண்டிகள் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாக வருவதால், ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறி அடுத்த இடத்துக்குப் போவது எளிது. காரில் வருகிறவர்கள் நிறுத்த இடம் தேடும் நேரத்தில் ரயிலில் வருகிறவர்கள் பாதி ஊரைப் பார்த்துவிடலாம்.

குரோம்ஃபோர்டிலிருந்து தொடங்குவது நல்லது. பிரெஸ்டன் நகரில் பிறந்து, முடிதிருத்துபவராகவும் பொய்முடி செய்பவராகவும் வாழ்ந்த ரிச்சர்ட் ஆர்க்ரைட், நூல் நூற்கும் இயந்திரத்துக்கு 1769-ல் காப்புரிமை பெற்றார். அதை நாட்டிங்ஹாமில் முதலில் குதிரைகளைக் கொண்டு இயக்கிப் பார்த்த பிறகு, ஜெடிடையா ஸ்ட்ரட், சாமுவேல் நீட் ஆகியோரைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு 1771-ல் குரோம்ஃபோர்டில் ஆலை கட்டத் தொடங்கினார். அருகிலேயே பெருகி ஓடும் டெர்வென்ட் ஆற்றை விட்டுவிட்டு, அவர் ஏன் ஒரு சிறிய ஓடையின் ஓரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்வியோடு இந்த ஊருக்குள் நுழைய வேண்டும். அதற்கான விடை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. இந்த மலைகளில் ஈயச் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கங்களில் ஊறும் நீரை வடிக்க மலைக்குள் நீண்ட வடிகால்களைக் குடைந்திருந்தார்கள். அத்தகைய ஒரு வடிகாலின் வாய் குரோம்ஃபோர்டில் திறக்கிறது. பூமிக்குள்ளிருந்து வரும் அந்த நீர் குளிர்காலத்தில் உறைவதில்லை. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் வரும். அதோடு பான்சால் ஓடையின் நீரும் சேர்ந்தது. இயந்திரம் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்று கருதிய ஒருவருக்கு, வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வரும் பெரிய ஆற்றைவிட இந்தச் சிறிய நீர் மேலானதாக இருந்தது. பெரிய ஆற்றின் வலிமையை அவர் பயன்படுத்தியது 12 ஆண்டுகள் கழித்து, 1783-ல், ஆற்றில் சற்று மேலே மேசன் ஆலையைக் கட்டியபோதுதான்.

ஆலை வளாகத்தை ஆர்க்ரைட் சங்கம் என்ற அறக்கட்டளை நடத்துகிறது. 1979-ல் சங்கம் இந்த இடத்தை வாங்கியபோது அது சாயப்பொடி தயாரிக்கும் தொழிற்சாலையாக இருந்தது. ஈயக் குரோமேட் உள்ளிட்ட நிறமிகள் சுவரிலும் தரையிலும் ஊறிப்போயிருந்ததால், கட்டடங்களைத் துப்புரவு செய்து மக்கள் நடமாடக் கூடியவையாக ஆக்கவே பல பத்தாண்டுகள் பிடித்தன. முற்றத்தில் நின்று பார்க்கும்போது சில சுவர்கள் வழுவழுப்பாகவும் சில சிதைந்தும் தெரிவதைக் குறையாக எண்ணிவிடக் கூடாது; அந்த உழைப்பின் அளவு அப்போதுதான் புரிகிறது. ஐந்து மாடிகளோடு எழுந்த முதல் ஆலை பின்னாளில் ஒரு தீயில் மேல் மாடிகளை இழந்து இன்று மூன்று மாடிகளோடு நிற்கிறது. 1776-ல் கட்டிய இரண்டாம் ஆலை 1890-ல் எரிந்து போனது. அதன் அடித்தளமே மிஞ்சியிருக்கிறது.

இங்கே வழிகாட்டியோடு சுற்றுவது அவசியம் என்று அழுத்திச் சொல்வேன். வளாகத்துக்குள் தாமாக நடந்துபோய், தகவல் பலகைகளைப் படித்துவிட்டு, கடைகளில் நுழைந்து திரும்புகிறவர்கள் ஒரு பழைய கல் கட்டடத் தொகுதியைப் பார்த்த நிறைவோடு போவார்கள். வழிகாட்டியோடு போகிறவர்களுக்கு அதே கற்கள் வேறு விதமாகப் பேசும். சாலையை நோக்கிய சுவரில் கீழ்த்தளத்தில் ஏன் சன்னல்கள் அரிதாக இருக்கின்றன என்று கேட்டால், இயந்திரங்களை உடைக்கக் கிளம்பிய கூட்டங்களைப் பற்றிச் சொல்வார்கள். 1779-ல் லங்காஷயரின் பர்க்கேக்கரில் ஆர்க்ரைட்டின் ஆலை ஒன்றைக் கிளர்ச்சியாளர்கள் அழித்தனர். குரோம்ஃபோர்டிலும் தாக்குதலை எதிர்பார்த்து ஆயத்தமானார்கள். கோட்டை வாயிலைப் போன்ற அந்த நுழைவாயிலின் காரணம் அதன் பிறகு தெளிவாகிறது.

வளாகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சாலைக்கு மேலே ஓடும் வார்ப்பிரும்பு நீர்த்தொட்டிப் பாலம். 1821-ல் வைத்த அந்த இரும்புத் தொட்டி, வடிகால் நீரைச் சாலையைக் கடந்து ஆலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோனது. இன்று பேருந்துகளும் லாரிகளும் அதன் அடியில் போகின்றன. அதன் நேர் கீழே நின்று மேலே பார்க்க வேண்டும். இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று பொருத்திய விளிம்புகளும் திருகாணிகளும் வரிசையாகத் தெரியும். இணைப்புகளில் துரு வடிந்த கோடுகள் இருக்கும். அந்தப் பாலத்தின் உயரத்தையும் சக்கரக் குழியின் ஆழத்தையும் மனத்தில் சேர்த்துப் பார்த்தால், தண்ணீர் எந்த உயரத்திலிருந்து விழுந்து எவ்வளவு வலிமை கொடுத்திருக்கும் என்பதை எந்த விளக்கப்படமும் இல்லாமலே கணக்கிட்டுவிடலாம். ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் 1759-ல் வெளியிட்ட சோதனை முடிவுகளின்படி, மேலிருந்து நீர் விழும் சக்கரம் அடியில் நீர் தள்ளும் சக்கரத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு திறனுள்ளது. இந்தப் பள்ளத்தாக்கின் ஆலைக்காரர்கள் நீரை உயரத்திலேயே பிடித்து நிறுத்த ஏன் இவ்வளவு செலவு செய்தார்கள் என்பதற்கு அதுவே விடை.

இயந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்க்ரைட்டின் இயந்திரத்தில் இணை இணையான உருளைகள் இருந்தன. ஒவ்வோர் இணையும் முந்தையதைவிட வேகமாகச் சுழன்றதால், இடையில் போகும் பஞ்சுத் திரி மெல்லியதாக நீண்டது. பிறகு கதிர் அதற்கு முறுக்கு ஏற்றியது. இந்த நூல் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் பாவுக்குத் தாங்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது. அதற்கு முன் இங்கிலாந்தில் பருத்தி நூலைக் குறுக்கே ஓடும் ஊடைக்கு மட்டும் பயன்படுத்தி, பாவுக்கு லினன் நூலைப் போடுவதே வழக்கம். முழுப் பருத்தித் துணியை நெய்வது இதன் பிறகே பெருமளவில் கைகூடியது.

தமிழர்களுக்கு இந்த இடத்தில் கூடுதலாக ஒன்று விளங்கும். இங்கிலாந்து மக்கள் அதுவரை ஆசைப்பட்டு வாங்கிய முழுப் பருத்தித் துணி சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் போனது. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்களின் எதிர்ப்பால் 1721-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, அச்சிட்ட பருத்தித் துணி உடுத்துவதையே தடைசெய்தது. ஆர்க்ரைட்டும் அவர் கூட்டாளிகளும் வாதாடியதன் பயனாக 1774-ல் அந்தத் தடை தளர்ந்தது. ஆனால் உள்நாட்டில் நூற்று நெய்த துணிக்கு மட்டுமே அந்தச் சலுகை. குரோம்ஃபோர்டின் சக்கரம் சுழலத் தொடங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் சட்டமும் அதற்கு ஏற்பத் திரும்பியது. நம் கரையின் கைத்தறிகள் பின்னால் பட்ட பாட்டுக்கான தொடக்கங்களில் ஒன்று இந்த முற்றத்தில் இருக்கிறது. அதே மூச்சில், இங்கே வந்திறங்கிய பஞ்சு மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்காக்களிலும் அடிமைகளின் கையால் பறிக்கப்பட்டது என்பதையும், நூற்கதிர்களுக்கு முன் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர் சிறுமியரும் என்பதையும் நினைக்க வேண்டும். வழிகாட்டி இவற்றைத் தொடாமல் போனால் தயங்காமல் கேளுங்கள். கேட்கிறவர்கள் இருந்தால்தான் அந்தப் பகுதி விரிவாகச் சொல்லப்படும்.

குறை என்று ஒன்றைச் சொல்வதானால், ஓடும் இயந்திரங்களின் இரைச்சலைக் கேட்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு போகிறவர்களுக்குக் குரோம்ஃபோர்டு ஏற்ற இடமன்று. கட்டடங்கள் இன்று பெரும்பாலும் கடைகளும் அலுவலகங்களும் கண்காட்சி அறைகளுமாகப் பயன்படுகின்றன. தறியும் நூற்பு இயந்திரமும் உண்மையாகவே இயங்குவதைப் பார்க்க விரும்புவோர் செஷயரில் நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கும் குவாரி பேங்க் ஆலைக்குப் போவது சிறந்தது. அங்கே பெரிய நீர்ச்சக்கரமும் இருக்கிறது. குரோம்ஃபோர்டின் பலம் வேறு: தண்ணீர் வந்த வழி முழுவதும் தரையில் இன்னும் அழியாமல் கிடக்கிறது.

அந்த வழியைப் பின்தொடர ஆலையை விட்டு ஊருக்குள் நடக்க வேண்டும். பெரும்பாலான பயணிகள் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம். சந்தைத் திடலுக்குப் பின்னால், கரடிக் குழி என்று ஊரார் அழைக்கும் கல் கட்டிய ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. கரடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பூமிக்கு அடியில் ஓடும் வடிகால் நீரை அங்கே மதகு வைத்துத் தடுத்து, மட்டத்தை உயர்த்தி, ஊர்க் குளத்துக்குத் திருப்புவதற்காக 1785-ல் அதை அமைத்தார்கள். விளிம்பில் நின்று குனிந்து பார்த்தால் கீழே நீர் நகர்வது தெரியும். ஒரு பள்ளத்தில் மட்டத்தைச் சில அடி உயர்த்தினால் ஊரின் மறு கோடியில் சக்கரம் வேகமெடுக்கும் என்று ஒருவர் கணக்கிட்டிருக்கிறார் என்பதை அங்கேதான் உணர முடிகிறது. அதற்கு அருகில் கிரேஹவுண்டு விடுதியின் பின்னால் குளம்; அப்பால் 1776, 1777-ஆம் ஆண்டுகளில் கட்டிய நார்த் தெரு. அந்தத் தெருவின் மூன்று மாடி வீடுகளின் உச்சி மாடியில் நீளமான சன்னல்கள் இருப்பதைக் கவனியுங்கள். தறி வேலைக்கு வெளிச்சம் தேவைப்பட்டதால் அவை வைக்கப்பட்டன. மனைவியும் பிள்ளைகளும் ஆலைக்குப் போக, வீட்டுத் தலைவர் மாடியில் இருந்து வேலை செய்தார்.

ஆலைக்கு எதிரே 1794-ல் முடிந்த குரோம்ஃபோர்டு கால்வாய் தொடங்குகிறது. பொறியாளர் வில்லியம் ஜெசப் வகுத்த அந்தக் கால்வாய் பஞ்சையும் நூலையும் நிலக்கரியையும் சுண்ணாம்புக் கல்லையும் சுமந்தது. அதன் ஓரமாக இருக்கும் இழுவைப் பாதை சமதளமானது. முதியோரும், குழந்தை வண்டி தள்ளுவோரும், மலைப்பாதையில் நடக்க இயலாதவரும் முழு மன நிறைவோடு நடக்கக்கூடிய பகுதி இது ஒன்றுதான் என்பதால் இதை உயர்வாக மதிப்பிடுகிறேன். நீர் தெளிந்து நிற்கிறது, முக்குளிப்பான்கள் நீந்துகின்றன, கரையில் நீர் எலிகள் வாழ்கின்றன.

கால்வாயோடு அரை மணி நேரத்துக்குச் சற்று மேலாக நடந்தால் லீவுட் நீரேற்று நிலையம் வரும். இந்தப் பள்ளத்தாக்கின் கதையில் மிக முக்கியமான திருப்பம் இங்கே இருக்கிறது. அதைச் சொல்லாமல் புகைபோக்கியின் அழகை மட்டும் புகழும் கையேடுகள் மீது எனக்கு வருத்தம் உண்டு. 1772-ல் மீர்புரூக் என்ற மற்றொரு சுரங்க வடிகாலைத் தோண்டத் தொடங்கினார்கள். அது குரோம்ஃபோர்டு வடிகாலைவிடத் தாழ்ந்த மட்டத்தில் மலைக்குள் போயிற்று. நீர் தாழ்ந்த இடத்தைத்தான் நாடும். 1840-களில் பழைய வடிகாலின் நீரைப் புதிய வடிகால் இழுத்துக்கொண்டது. வழக்கும் வாதமும் நடந்தும் பயனில்லை. ஆர்க்ரைட் எந்த நீரை நம்பி ஊரைக் கட்டினாரோ அந்த நீர் வற்றியது. குரோம்ஃபோர்டு ஆலையில் நூற்பு நலிந்தது. கால்வாய்க்கும் அதே நீர்தான் ஊட்டம் என்பதால், அதை நிரப்ப 1849-ல் ஆற்றங்கரையில் நீராவி இயந்திரத்தை நிறுவ வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீச்சிலும் ஏறத்தாழ 4 டன் நீரை ஆற்றிலிருந்து 9 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் அந்த இயந்திரத்தைத் தன்னார்வலர்கள் குறிப்பிட்ட சில நாள்களில் இயக்கிக் காட்டுகிறார்கள். பயணத் தேதியை அதற்கு ஏற்பத் திட்டமிடுவது நன்று. பெரிய நெம்புதண்டு மெதுவாகக் கீழே இறங்க, ஒரு கணம் எல்லாம் நின்றுவிட்டதுபோல் இருக்க, மறு நொடியில் நீர் முழுத் திரளாகக் கால்வாய்க்குள் கொட்டும் காட்சியை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் பிறகு எந்த விளக்கமும் தேவைப்படாது. மீர்புரூக் வடிகாலின் நீர் இன்று குடிநீராக வழங்கப்படுகிறது.

அடுத்தது லம்ஸ்டேல். உலகப் பாரம்பரியப் பட்டியலின் புகழ் பெரும்பாலும் ஆற்றங்கரை ஆலைகளுக்குப் போய்விட்டாலும், ஓடையும் ஆலையும் எப்படிப் பிணைந்திருந்தன என்பதை அறிய விரும்புகிறவருக்கு இந்தச் சிறு பள்ளத்தாக்குதான் சிறந்த பாடம் என்று கருதுகிறேன். மேட்லாக் ஊரின் மேட்டுப் பக்கத்தில் பென்ட்லி ஓடை செங்குத்தாக இறங்கும் ஒரு குறுகிய பிளவில், பல சிறு ஆலைகளின் சிதைவுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கின்றன. மேலே குளங்களில் தேக்கிய அதே நீர் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அடுத்த ஆலையின் வாய்க்காலுக்குள் புகுந்து அடுத்த சக்கரத்தைச் சுழற்றியது. பஞ்சு நூற்றார்கள், துணி வெளுத்தார்கள், மாவு அரைத்தார்கள், எலும்பு பொடித்தார்கள், வண்ணத்துக்குரிய கனிமங்களை அரைத்தார்கள். இந்த இடத்தையும் ஆர்க்ரைட் சங்கமே பராமரிக்கிறது.

இங்கே பார்க்க வேண்டியது அருவியை மட்டுமன்று. படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் அருவிக்கு எதிரே நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். சற்று ஒதுங்கி, பாசி படர்ந்த ஒரு சக்கரக் குழியின் ஓரத்தில் நின்று பாருங்கள். பக்கச் சுவரில் அச்சு உட்கார்ந்திருந்த துளை அல்லது பள்ளம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பிறகு நீர் வந்த வாய்க்காலின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வாய் அச்சுக்கு வெகு மேலே இருந்தால் நீர் சக்கரத்தின் உச்சியில் விழுந்திருக்கிறது. அச்சின் உயரத்தை ஒட்டி இருந்தால் நடுப்பகுதியில் மோதியிருக்கிறது. குழியின் நீளம் சக்கரத்தின் விட்டத்தையும், அகலம் சக்கரத்தின் அகலத்தையும் சொல்லிவிடும். நீர் வெளியேறிய அடிவாயைக் கண்டுபிடித்து, அது எந்தத் திசையில் போகிறது என்று தொடர்ந்தால், அடுத்த ஆலையின் குழிக்கு வந்து சேர்வீர்கள். இப்படி மேலிருந்து கீழே வரும்போது, இடிந்த சுவர்களாகத் தோன்றியவை ஒரு முழு ஏற்பாடாக மனத்தில் கூடி நிற்கின்றன. எந்த அருங்காட்சியகக் கூடத்திலும் எனக்கு இந்த அளவுக்குத் தெளிவு கிடைத்ததில்லை.

வசதிகளைப் பொறுத்தவரை லம்ஸ்டேலில் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. கழிப்பறை இல்லை, உணவகம் இல்லை, வண்டி நிறுத்த இடம் அரிது. பாதை குறுகலானது, மழைக்குப் பிறகு கற்கள் மிகவும் வழுக்கும், பல இடங்களில் விளிம்புக்கு அப்பால் நேரான பள்ளம். சிறு குழந்தைகளைக் கைப்பிடியிலிருந்து விடக் கூடாது. சிதைந்த சுவர்கள் மீது ஏறுவதும் ஓடையில் இறங்கிக் குளிப்பதும் கூடவே கூடாது. ஒவ்வொரு கல்லும் தளரும்போது மீட்க முடியாத சான்று ஒன்று போய்விடுகிறது. கூட்டம் மிகுந்தால் இடம் தாங்காது என்பதால், போகும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு, வார நாளின் காலையில் போவது எல்லாருக்கும் நல்லது. இலைகள் உதிர்ந்த குளிர்காலத்தில் சுவர்களும் வாய்க்கால்களும் மறைவின்றித் தெரியும். கோடையில் பசுமை அழகாக இருக்கும், ஆனால் பாதிக் கட்டுமானம் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

மேசன் ஆலையைச் சாலையிலிருந்து பார்த்துவிட்டுச் சற்று நடந்து, ஆற்றுப் பக்கம் அணை தெரியும் இடத்திலிருந்தும் பாருங்கள். சாலைப் பக்கத்தின் சிவப்புச் செங்கல் முகப்பு, தன் வெற்றியை ஊருக்குக் காட்ட விரும்பிய ஒருவரின் கட்டடம். அணைப் பக்கம் அந்த வெற்றியின் காரணம். அங்கே விழும் நீர் இன்றும் மின்சாரம் தருகிறது.

பெல்பர், ஆர்க்ரைட்டின் கூட்டாளியான ஸ்ட்ரட்டின் குடும்பம் வளர்த்த ஊர். 1803-ல் ஆலை எரிந்த பிறகு வில்லியம் ஸ்ட்ரட் 1804-ல் எழுப்பிய வடக்கு ஆலை, மர உத்தரங்களைத் தவிர்த்து வார்ப்பிரும்புத் தூண்களையும் செங்கல் வளைவுகளையும் கொண்டு தீக்கு அஞ்சாத வகையில் கட்டியது. மேல் தளத்தின் எடையைக் குறைக்க உள்ளீடற்ற மண் குடுவைகளை வளைவுக்குள் வைத்துக் கட்டினார்கள். இரும்புச் சட்டகத்தால் உயரும் இன்றைய பெருங்கட்டடங்களின் முன்னோர்களில் இதற்கு இடமுண்டு. சாலைக்கு மேலே இரு ஆலைகளை இணைக்கும் வளைவில் துப்பாக்கி நீட்டுவதற்கான துளைகள் இருக்கின்றன. குரோம்ஃபோர்டில் கண்ட அச்சம் இங்கேயும் கல்லில் பதிந்திருக்கிறது. ஆனால் பெல்பரில் என்னை நிறுத்தி வைத்தது குதிரை லாட வடிவில் வளைந்த அணைதான். நேராகக் கட்டுவதைவிட வளைத்துக் கட்டினால் நீர் வழியும் விளிம்பின் நீளம் கூடுகிறது. வெள்ளக் காலத்தில் அதிக நீர் எளிதில் வழிந்துவிட, ஆலையின் பக்கம் மட்டம் பெரிதாக ஏறாது. ஆற்றங்கரைப் பூங்காவிலிருந்து இதைக் கட்டணமின்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆலைக்குள் போய்ப் பார்க்கும் வசதி காலத்துக்குக் காலம் மாறுவதால், அணையையும் ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லாங் ரோ வீடுகளையும் முதன்மையாக வைத்துத் திட்டமிடுவதே பாதுகாப்பு. அருகிலுள்ள மில்ஃபோர்டில் ஸ்ட்ரட்டிடம் தொழில் பழகிய சாமுவேல் ஸ்லேட்டர், இயந்திர நுட்பம் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்ற தடையை மீறி 1789-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, ரோட் ஐலண்டின் பாடக்கெட்டில் நூற்பைத் தொடங்கினார்.

டெர்பியில் 1721-ல் லோம்ப் சகோதரர்கள் பட்டு நூலுக்காக எழுப்பிய ஆலையின் இடத்தில் 2021-ல் திறந்த மியூசியம் ஆஃப் மேக்கிங் இருக்கிறது. பருத்திக்கு முன்பே, ஆற்றுச் சக்கரத்தால் இயங்கும் பெரிய ஆலை என்ற எண்ணம் இங்கே தொடங்கிவிட்டது. அருங்காட்சியகம் நன்றாக அமைந்திருக்கிறது, நுழைவு இலவசம், கழிப்பறை, மின்தூக்கி, உணவு எல்லாம் உண்டு. மழை நாளுக்கும் சிறுவர்களுக்கும் இதைவிட ஏற்ற இடம் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. ஆயினும் என் அளவுகோலில் இது சற்றுப் பின்தங்குகிறது, ஏனென்றால் அங்கே காட்சிப்பொருள்கள் மிகுந்து, ஆறு சன்னலுக்கு வெளியே ஒரு காட்சியாக மட்டும் நிற்கிறது. 2023 அக்டோபரில் பெருக்கெடுத்த ஆறு கட்டடத்துக்குள்ளேயே வந்து சேதம் விளைவித்தது என்பதையும் நினைவில் வைத்து அந்தச் சன்னலருகே நிற்கலாம்.

இந்த எல்லா இடங்களையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்லும் பேருந்துச் சுற்றுலாக்களைத் தவிருங்கள். அத்தகைய ஒன்றில் நான் போனபோது, ஆலை முற்றத்தில் பெரும்பகுதி நேரம் தேநீருக்கும் கடைகளுக்குமே போயிற்று. கரடிக் குழியின் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை. நடத்தியவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. அந்த நேர அட்டவணையில் யார் நடத்தினாலும் அப்படித்தான் ஆகும்.

ஒரு நாள் மட்டுமே இருப்பவர்கள் காலையில் மேட்லாக்கில் இறங்கி லம்ஸ்டேலுக்கு நடந்து, நண்பகலுக்குள் திரும்பி, ரயிலில் குரோம்ஃபோர்டுக்கு வந்து வழிகாட்டியோடு ஆலையைப் பார்த்து, ஊருக்குள் குளத்தையும் கரடிக் குழியையும் தேடிப் பிடித்து, மாலையில் கால்வாயோடு லீவுட் வரை போய்வரலாம். இரண்டாம் நாள் கிடைத்தால் பெல்பரும் டெர்பியும். மழைக்காலணி கட்டாயம். இயன்றால் நிலப்படம் ஒன்றை அச்சிட்டு எடுத்துச் சென்று, தண்ணீர் போகும் வழியைப் பென்சிலால் குறித்துக்கொண்டே நடங்கள். மலை மடிப்புகளுக்குள் கைபேசிக்குச் சிக்னல் எப்போதும் கிடைக்கும் என்று நம்ப முடியாது.